3 நோ-டிரம்ப்: எப்போது கேட்பது, எப்போது நிறுத்துவது?

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், திகன, தெல்தெனிய, மெதமஹநுவர எல்லாம் தாண்டினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைப்பக்கம் மூடுபனி இறங்கி, மழையும் பிடித்துக்கொண்டால் அங்கே மாலை நேரத்தில் வெளியே செய்ய வேலை ஒன்றும் இராது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு காட்ஸ் கட்டு வெளியே வரும். சிங்கள நண்பர்கள் இருந்தால் ஓமி, தமிழர் மட்டும் என்றால் பெரும்பாலும் 304. இந்த நூலைக் கையில் எடுத்த உங்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை விளையாடி வளர்ந்தவர்களாகவே இருப்பீர்கள்.

அது பிரிட்ஜ் கற்பவருக்குப் பெரிய முதல். கூட்டாளிக்கு எதிரே உட்கார்ந்து ஆடுவது, இறக்கிய இனத்தையே பின்தொடர்ந்து போடுவது, துரும்பால் வெட்டுவது, பிடி எண்ணுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. இந்த அத்தியாயம் பேசப்போவது உங்களுக்குப் புதியதான ஒன்றை: துரும்பே இல்லாமல் 9 பிடி எடுப்பேன் என்று உறுதி சொல்லும் 3 நோ-டிரம்ப் கேள்வியை. அதை எப்போது கேட்பது, எப்போது 1 அல்லது 2 நோ-டிரம்புடன் நின்றுவிடுவது என்று தீர்மானிப்பதே பிரிட்ஜில் அடிக்கடி வரும் பெரிய முடிவு.

முடிவெடுக்கும் வழியை முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். புள்ளி எண்ணித் தொடங்குங்கள். பிடி எண்ணி முடியுங்கள்.

1. நீங்கள் கொண்டுவரும் பழக்கங்கள்

ஓமியில் 7 முதல் ஏஸ் வரை 32 சீட்டு, ஆளுக்கு 8. முதல் 4 சீட்டைப் பார்த்ததுமே ஒருவர் துரும்பைச் சொல்லிவிட வேண்டும். அவர் பக்கம் 5 பிடி எடுத்தால் வெற்றி. மிச்ச நாலு சீட்டு என்னவென்று தெரியாமலே, "இந்த இனம் நீளமாக வரும், இத்தனை பிடி கிடைக்கும்" என்று கணிக்கிற பழக்கம் ஓமிக்காரரிடம் இருக்கிறது. பிரிட்ஜுக்கு அது அப்படியே உதவும்.

304இலும் அதே 32 சீட்டுதான். ஆனால் அங்கே கணக்குப் பிடியில் இல்லை, பிடிக்குள் விழுந்த சீட்டின் மதிப்பில் இருக்கிறது. ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. அதுவே ஆட்டத்தின் பெயர். 160இல் தொடங்கி ஒருவரை ஒருவர் மிஞ்சிக் கேட்டுப் பழகியவருக்குப் பிரிட்ஜின் கேள்விப் பகுதி அச்சம் தராது. ஆனால் இரண்டு பழக்கங்களை அவர் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும்.

முதலாவது, ஜாக்கியின் மேல் உள்ள பாசம். 304இல் எல்லாவற்றுக்கும் மேல் நிற்கும் ஜாக்கி, பிரிட்ஜில் படச்சீட்டுகளிலேயே கடைசி. இரண்டாவது, "புள்ளி சேர்ந்தால் வெற்றி" என்ற எண்ணம். பிரிட்ஜிலும் கையில் புள்ளி எண்ணுவோம். ஆனால் ஆட்டம் முடிந்தபின் யாரும் அந்தப் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை பிடி எடுத்தீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. கையில் உள்ள புள்ளி ஒரு மதிப்பீடு, பிடிதான் பணம்.

2. ஏன் இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு?

இன்று ஆடப்படும் கொன்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை அமெரிக்கரான ஹரோல்ட் வாண்டர்பில்ட் 1925இல் ஒரு கப்பல் பயணத்தின்போது வகுத்தார். எத்தனை பிடி எடுக்கிறோம் என்பதோடு, அதை முன்கூட்டியே கேட்டோமா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. 100 புள்ளி பெறுமதியுள்ள ஒப்பந்தத்தைக் கேட்டு நிறைவேற்றினால் அது கேம். கேமுக்குப் பெரிய ஊக்கத்தொகை.

நோ-டிரம்பில் முதல் ஆறு பிடிக்கு மேல் எடுக்கும் முதல் பிடிக்கு 40, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஆகவே 40, 30, 30 என்று மூன்றிலேயே 100 வந்துவிடும். மொத்தம் 9 பிடி போதும். ஸ்பேட் அல்லது ஹார்ட்டைத் துரும்பாக வைத்தால் கேமுக்கு 10 பிடி வேண்டும். டைமண்டும் கிளாவரும் துரும்பானால் 11. மிகக் குறைந்த பிடியில் கிடைக்கும் கேம் 3 நோ-டிரம்ப்தான். பல உலகப் பட்டங்கள் வென்ற பொப் ஹாமனின் பெயரில் ஒரு விதியே வழங்குகிறது: பல நியாயமான தெரிவுகள் இருந்து அவற்றில் ஒன்று 3 நோ-டிரம்ப் என்றால், அதையே கேட்டுவிடுங்கள் என்பது அதன் கருத்து.

இழப்பையும் சொல்லவேண்டும். துரும்பு இருக்கும் ஆட்டத்தில் எதிரணி ஒரு நீள இனத்தை ஓடவிட்டால், உங்கள் கையில் அந்த இனம் தீர்ந்ததும் வெட்டி நிறுத்தலாம். நோ-டிரம்பில் வெட்ட ஒன்றும் இல்லை. ஒருவருடைய இனத்தில் பெரிய சீட்டுகள் எல்லாம் போய்விட்டால், அவரிடம் மிஞ்சிய 2உம் 3உம்கூட ஏஸைப் போல் பிடி எடுக்கும். துரும்பில்லாத ஆட்டத்தில் நீளமே துரும்பு. அது உங்கள் நீளமா, எதிரணியின் நீளமா என்பதுதான் முழு ஆட்டமும்.

3. முதல் வாசல்: புள்ளி

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. மில்டன் வேர்க் பரப்பிய இந்த எளிய எண்ணிக்கையை சார்ள்ஸ் கோரன் உலகம் முழுக்கப் பழக்கமாக்கினார். கட்டு முழுவதிலும் 40 புள்ளி. ஆளுக்குச் சராசரி 10. உங்கள் இருவர் கையும் சேர்ந்து 25 அல்லது 26 இருந்தால் 3 நோ-டிரம்ப் நல்ல கேள்வி என்பது பொது அளவுகோல்.

கூட்டாளி 1 நோ-டிரம்ப் என்று தொடங்கினார், அவர் முறையில் அதன் பொருள் 15 முதல் 17 புள்ளி, கை சமநிலையானது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் கணக்கு எளிது:

0 முதல் 7 வரை: கேம் இருக்காது. பாஸ் சொல்லுங்கள், அல்லது நீளமான மேல் இனம் (ஸ்பேட், ஹார்ட்) இருந்தால் அதில் நில்லுங்கள்.

8 அல்லது 9: 2 நோ-டிரம்ப் கேட்டு அழைப்பு விடுங்கள். கூட்டாளியிடம் 17 அல்லது நல்ல 16 இருந்தால் 3 கேட்பார். 15 என்றால் பாஸ் சொல்லுவார்.

10 முதல் 15 வரை: 3 நோ-டிரம்ப்.

சில சங்கங்களில் 1 நோ-டிரம்பைப் பலவீனமாக, 12 முதல் 14 வரை என்று வைத்திருப்பார்கள். பெயர் மாறினாலும் கணக்கு மாறாது: அவருடைய குறைந்தபட்சத்தோடு உங்களுடையதைக் கூட்டி 25 வந்தால் கேம். கூட்டாளி 2 நோ-டிரம்பில் தொடங்கினால் (20, 21) உங்கள் கையில் 5 இருந்தாலே போதும். அவர் ஓர் இனத்தில் தொடங்கி, மறுகேள்வியில் 2 நோ-டிரம்புக்குத் தாவி 18 அல்லது 19 என்று காட்டினால், 6 அல்லது 7 புள்ளியோடு நீங்கள் 3 கேட்கலாம்.

இது வரை எந்தப் புத்தகத்திலும் காணலாம். இத்தோடு நிறுத்திவிட்டு ஆடுபவர்கள்தான் ஆட்டம் முடிந்ததும் "27 புள்ளி மச்சான், எப்படித் தோத்தோம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில் அடுத்த பகுதி.

4. இரண்டாம் வாசல்: பிடி

இரண்டு சோடிக் கைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நீங்கள் 1 நோ-டிரம்பில் தொடங்கியவர்.

முதல் சோடி.
உங்கள் கை: ஸ்பேட் ராஜா, ராணி, 4, ஹார்ட் ஏஸ், ஜாக்கி, 3, டைமண்ட் ராஜா, 7, 6, 2, கிளாவர் ராஜா, 8, 5. மொத்தம் 16.
கூட்டாளி: ஸ்பேட் ஏஸ், 7, 5, ஹார்ட் ராணி, 6, 2, டைமண்ட் ராணி, 5, 4, 3, கிளாவர் ராணி, ஜாக்கி, 4. மொத்தம் 11.

கூட்டினால் 27. புள்ளிக் கணக்கில் கேள்வியே இல்லை. இப்போது பிடி எண்ணுங்கள். உடனே எடுக்கக்கூடியவை ஸ்பேட் மூன்று, ஹார்ட் ஏஸ் ஒன்று: நாலே நாலு. கிளாவரில் ஏஸைக் கொடுத்தபின் இரண்டு. ஹார்ட்டில் ராஜா எதிரணியிடம் பாதகமான பக்கம் இருந்தால் அதைக் கொடுத்தபின் இன்னொன்று. டைமண்டில் ஏஸையும் ஜாக்கியையும் கொடுத்தபின், எதிரணியின் ஐந்து டைமண்டும் மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு. எல்லாம் சேர்ந்தால் 9 வரும். ஆனால் அதற்குள் நாலு முறை ஆட்டத்தை எதிரணியிடம் கொடுத்தாக வேண்டும்.

எதிரணி ஸ்பேட் இறக்குகிறது. ஒவ்வொரு முறை பிடி கிடைக்கும்போதும் திரும்பத் திரும்ப ஸ்பேட். உங்கள் ஏஸ், ராஜா, ராணி மூன்றும் போய்விடும். அவர்களிடம் ஏழு ஸ்பேட் உண்டு; நாலுக்கு மூன்றாகப் பிரிந்திருந்தால், நாலு ஸ்பேட் வைத்திருப்பவருக்குக் கடைசியில் ஒரு பிடி கிடைத்தால் போதும், நாலாவது ஸ்பேட் உயிர் பெற்றுவிடும். அது ஐந்தாவது பிடி. நீங்கள் ஒன்றில் விழுந்தீர்கள். ஹார்ட் ராஜா சாதகமான பக்கம் இருந்தால் தப்பலாம். ஆனால் 27 புள்ளி இருந்தும் அதிர்ஷ்டத்தை நம்பும் நிலை.

இரண்டாம் சோடி.
உங்கள் கை: ஸ்பேட் ஏஸ், 9, 6, 2, ஹார்ட் ராஜா, ராணி, 5, டைமண்ட் ஏஸ், 7, 4, கிளாவர் ராணி, 4, 3. மொத்தம் 15.
கூட்டாளி: ஸ்பேட் 7, 3, ஹார்ட் 8, 4, டைமண்ட் 9, 6, 5, கிளாவர் ஏஸ், ராஜா, 8, 6, 5, 2. மொத்தம் 7.

கூட்டினால் 22 மட்டுமே. ஆனால் கிளாவரில் எதிரணியிடம் இருப்பது நாலு சீட்டு. அவை இரண்டுக்கு இரண்டாகவோ மூன்றுக்கு ஒன்றாகவோ பிரிந்தால் ஆறு கிளாவர் பிடியும் உங்களுடையது. அப்படிப் பிரிவதற்கான வாய்ப்பு 90 சதவீதம். ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ஏஸும் சேர்ந்தால் எட்டு. எதிரணி ஹார்ட் இறக்கினால் ஒன்பதாவது பிடி சும்மா கிடைக்கும். வேறு இனம் இறக்கினால் ஹார்ட் ஏஸைத் துரத்தி ஒன்று உண்டாக்கலாம். ஒரே ஒரு முறை ஆட்டத்தைக் கொடுத்தால் போதும்.

இரண்டுக்கும் இடையே வித்தியாசம் எங்கே? முதல் சோடியில் இரண்டு கையும் ஒரே உருவம்: எங்கும் மூன்று, டைமண்டில் நாலு. நீளம் இல்லை. ஒவ்வொரு பிடியையும் உழைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் சோடியில் ஒரு நீள இனம் தானாக ஓடுகிறது.

கண்டி வீதியில் ஒரே வழியில் முந்தப் பார்க்கும் இ.போ.ச. பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். 3 நோ-டிரம்ப் அப்படியான ஓட்டம். நீங்கள் 9ஐ எட்ட வேண்டும், எதிரணி 5ஐ எட்ட வேண்டும். முதல் இறக்கம் அவர்களுடையது. அதாவது அவர்கள் உங்களுக்கு ஒரு தரிப்பு முன்னால் கிளம்புகிறார்கள். எவ்வளவு பெரிய எஞ்சின் என்பதைவிட, வழியில் எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதே யார் முதலில் போவது என்று தீர்மானிக்கும்.

இதைக் கேள்வி நேரத்தில் எப்படிப் பயன்படுத்துவது? கூட்டாளியின் கை தெரியாதே என்பீர்கள். உங்கள் கை தெரியும். அதில் இருக்கும் அறிகுறிகளைக் கொண்டு புள்ளியைத் திருத்துங்கள்.

கூட்டுங்கள்: ஐந்து அல்லது ஆறு சீட்டுள்ள நல்ல இனம் இருந்தால் ஒரு புள்ளி, சிலசமயம் அதற்கு மேலும். படச்சீட்டுகள் அந்த நீள இனத்திலேயே சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. 10உம் 9உம் படச்சீட்டோடு கூட நின்றால் அவை எண்ணில் வராத உதவி. ஏஸ்கள் நிறைய இருந்தால் எதிரணியின் ஓட்டத்தை நிறுத்த உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

கழியுங்கள்: 4-3-3-3 என்ற தட்டையான கைக்கு ஒரு புள்ளி. தனியாக நிற்கும் ராஜா, துணையில்லாத ராணி–ஜாக்கி, எதிரணி கேட்ட இனத்தில் இருக்கும் ராணி ஆகியவை எழுதப்பட்ட மதிப்புக்கு உழைக்காது. நீள இனம் இருந்தும் அதை எட்ட வேறு இனத்தில் ஒரு நுழைவும் இல்லையென்றால், அந்த நீளத்தை முழுதாக எண்ணாதீர்கள். ஒரு பிடி தோற்றபின்தான் அது ஓடத் தொடங்கும் என்றால், அதற்குத் திரும்பிப் போகப் பாதை இல்லாமல் போகும்.

5. மூன்றாம் வாசல்: தடுப்பு

இன்னொரு சோடி. உங்கள் முறையில் 1 நோ-டிரம்ப் பலவீனமானது (12 முதல் 14) என்பதால் நீங்கள் டைமண்டில் தொடங்கினீர்கள்; இடப்பக்கத்தவர் நடுவில் புகுந்து 1 ஹார்ட் கேட்டார்.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ், ராணி, 5, ஹார்ட் 7, 3, டைமண்ட் ஏஸ், ராஜா, ஜாக்கி, 8, 2, கிளாவர் ராஜா, 6, 4. மொத்தம் 17.
கூட்டாளி: ஸ்பேட் ராஜா, 7, 2, ஹார்ட் 9, 5, டைமண்ட் ராணி, 9, 6, 4, கிளாவர் ஏஸ், ஜாக்கி, 8, 3. மொத்தம் 10.

மறுபடியும் 27. இம்முறை நீளமும் உண்டு: டைமண்ட் ஐந்து, ஸ்பேட் மூன்று, கிளாவர் இரண்டு என்று பத்துப் பிடி மேசையில் தயாராக இருக்கிறது. ஆனால் எதிரணி ஹார்ட் இறக்கி, முதல் ஐந்து பிடியையும் எடுத்துவிடும். பத்துப் பிடி கையில் வைத்துக்கொண்டே தோற்பீர்கள். வேறு கேமும் உறுதியில்லை. 5 டைமண்ட் கேட்டால் இரண்டு ஹார்ட் போய்விடும், கிளாவரில் ஒன்றும் தோற்காமல் இருக்க ராணி சரியான இடத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே எதிரணி ஓர் இனத்தைக் கேட்டுவிட்டால், 3 நோ-டிரம்புக்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: அந்த இனத்தில் நம்மிடம் தடுப்பு இருக்கிறதா? ஏஸ் இருந்தால் ஒரு தடுப்பு. ராஜாவுக்கு ஒரு துணை, ராணிக்கு இரண்டு துணை, ஜாக்கிக்கு மூன்று துணை இருந்தால் தடுப்பு என்று எண்ணலாம். உங்கள் கையில் இல்லையென்றால், எதிரணி கேட்ட அதே இனத்தையே நீங்கள் கேட்கும் வழக்கம் உண்டு. "என்னிடம் மற்றதெல்லாம் சரி, இதில் உன்னிடம் தடுப்பு இருந்தால் நோ-டிரம்ப் கேள்" என்று கூட்டாளியிடம் சொல்வதற்குச் சமம் அது.

ராஜா, ஒரு சிறு சீட்டு என்ற தடுப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆட்டத்தை ஆடுபவர் கையில் இருந்தால், இடப்பக்கத்தவர் இறக்கும்போது ராஜாவைச் சும்மா பறிக்க முடியாது. அதுவே மேசையில் திறந்து வைத்த கூட்டாளியின் (டம்மி) கையில் இருந்தால், அதற்குப் பின்னால் ஏஸும் ராணியும் காத்திருக்கலாம். தடுப்பு உள்ளவரே நோ-டிரம்பை முதலில் கேட்பது இதனால்தான்.

ஏஸ் மட்டுமே தடுப்பு என்றால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஏழிலிருந்து அந்த இனத்தில் உங்கள் இருவரிடமும் உள்ள சீட்டுகளைக் கழித்து வரும் எண்ணிக்கை அளவுக்கு விட்டுக்கொடுங்கள் என்று ஒரு நடைமுறை விதி உண்டு. இருவரிடமும் சேர்ந்து ஐந்து இருந்தால் இரண்டு முறை விட்டு, மூன்றாவதில் எடுங்கள். அதற்குள் எதிரணியில் நீளம் குறைந்தவரிடம் அந்த இனம் தீர்ந்திருக்கும். பிறகு அவர் பிடி எடுத்தாலும் அந்த இனத்துக்குத் திரும்ப முடியாது.

எதிரணி ஒன்றும் கேட்காமல் இருந்தால், ஓர் இனத்தில் பலவீனம் இருக்கிறதே என்று பயந்து கேமைக் கைவிடாதீர்கள். அவர்கள் எதை இறக்குவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எல்லா இனத்துக்கும் பூட்டுப் போட்டபின்தான் கேட்பேன் என்பவர் நல்ல கேம்களில் பாதியைத் தவறவிடுவார்.

6. மேல் இனம் எட்டுச் சீட்டு இருந்தால்

ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ இருவரிடமும் சேர்ந்து எட்டுச் சீட்டு இருந்தால் பெரும்பாலும் அதையே துரும்பாக்கி 4இல் கேம் கேட்பது நல்லது. வெட்டுவதில் கிடைக்கும் ஒரு பிடி, கூடுதலாகத் தேவைப்படும் ஒரு பிடியை ஈடுசெய்துவிடும். கூட்டாளி 1 நோ-டிரம்பில் தொடங்கி உங்களிடம் நாலு ஸ்பேடோ ஹார்ட்டோ இருந்தால், முதலில் 2 கிளாவர் கேட்டு அவரிடம் நாலு சீட்டு மேல் இனம் உண்டா என்று விசாரியுங்கள். சாம் ஸ்டேமன் பெயரில் வழங்கும் இந்த முறையை உலகம் முழுக்க எல்லாரும் ஆடுகிறார்கள்.

உங்கள் கை 4-3-3-3 ஆக இருந்தால் மட்டும் விசாரிக்காமல் 3 நோ-டிரம்ப் கேட்கலாம். குட்டையான இனம் இல்லாததால் வெட்டிக் கிடைக்கும் பிடி அரிது. நோ-டிரம்பிலும் துரும்பிலும் ஒரே எண்ணிக்கைதான் வரும். சோடிப் போட்டியில் அதற்கு இன்னொரு நன்மை: இரண்டிலும் 10 பிடி எடுத்தால் 4 ஸ்பேட் 420 தரும், 3 நோ-டிரம்ப் 430 தரும். அந்தப் பத்து மதிப்பெண் மற்ற மேசைகளை வெல்லும்.

கிளாவரும் டைமண்டும் நீளமாக இருந்தால் வழி நேர்மாறு. அங்கே 11 பிடி வேண்டும். தடுப்பு இருக்குமானால் 3 நோ-டிரம்ப்தான் முதல் விருப்பம்.

7. எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள்?

ஒரே கை, ஒரே புள்ளி; ஆனால் அணிப் போட்டியில் கேட்பதும் சோடிப் போட்டியில் நிற்பதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். இதை விளங்கிக்கொள்ளாமல் இந்த அத்தியாயம் நிறையாது.

அணிப் போட்டியில் இரு மேசைகளின் வித்தியாசத்தை ஐ.எம்.பி. என்ற அளவில் மாற்றுவார்கள். 2015 செப்டெம்பர், ஒக்டோபரில் சென்னையில் நடந்து, போலந்து பெர்முடா கிண்ணத்தை வென்ற உலக அணிப் போட்டியிலும் இந்த அளவுதான். உங்கள் பக்கம் வல்னரபிள் (ஊக்கத்தொகையும் தண்டமும் கூடும் நிலை) ஆக இருக்கும் கையில் கேமுக்கு ஊக்கத்தொகை 500, இல்லாவிட்டால் 300. கணக்குப் போடுங்கள். வல்னரபிளில் நீங்கள் 3 கேட்டு 9 எடுத்தால் 600; மற்ற மேசையில் 2 கேட்டு 9 எடுத்தவர்களுக்கு 150. உங்களுக்கு 10 ஐ.எம்.பி. லாபம். 8தான் எடுக்க முடிந்தது என்றால் உங்களுக்கு மைனஸ் 100, அவர்களுக்கு 120. நட்டம் 6. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக, 38 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே கேட்பது லாபம்.

வல்னரபிள் இல்லாதபோது லாபம் 6, நட்டம் 5. சுமார் 45 சதவீதம் வேண்டும். சோடிப் போட்டியில் எவ்வளவால் வெல்கிறீர்கள் என்பது பொருட்டில்லை, எத்தனை மேசையை வெல்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அங்கே பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் சோடிப் பிரிவுத் தங்கத்தை இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் டே சர்க்காரும் வென்றார்கள். அந்தப் பிரிவில் பத்து மதிப்பெண் வித்தியாசமும் மேசைகளைக் கவிழ்க்கும்.

வாய்ப்பை மேசையில் மதிப்பிட மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு படச்சீட்டு எந்தப் பக்கம் என்பது 50 சதவீதம். எதிரணியிடம் ஐந்து சீட்டுள்ள இனம் மூன்றுக்கு இரண்டாகப் பிரிவது 68. ஆறு சீட்டு மூன்றுக்கு மூன்றாகப் பிரிவது 36 மட்டுமே. ஒரே ஒரு ராஜா சரியான பக்கம் இருக்கவேண்டும் என்ற கேம், வல்னரபிளில் அணிப் போட்டியில் நல்ல கேம். மூன்றுக்கு மூன்று பிரியவேண்டும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்பது எங்குமே நல்ல கேம் இல்லை.

8. கேட்குமுன் நான்கு கேள்வி

மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்குமுன் நல்ல சாரதி மேலேயே பிரேக்கைப் பார்த்துக்கொள்வார். நடு வளைவில் பார்க்கமாட்டார். 3 நோ-டிரம்ப் அட்டையை எடுக்குமுன் இந்த வரிசையில் கேளுங்கள்.

ஒன்று: இருவர் புள்ளியும் 25ஐ ஒட்டி வருகிறதா?
இரண்டு: பிடி எங்கிருந்து வரும்? ஓடக்கூடிய நீள இனம் ஒன்றைச் சொல்ல முடிகிறதா?
மூன்று: எதிரணி கேட்ட இனத்தில் தடுப்பு உண்டா?
நான்கு: எந்தப் போட்டி, வல்னரபிளா?

முதல் கேள்விக்குப் பதில் 23, 24 என்று இழுபறியாக இருந்தால் இரண்டாவது கேள்வியே தீர்ப்பு. நீள இனம் உண்டு என்றால் கேளுங்கள். தட்டையான கை என்றால் நில்லுங்கள்.

9. பயிற்சி

கூட்டாளி 1 நோ-டிரம்ப் (15 முதல் 17). எதிரணி பாஸ். உங்கள் கேள்வி என்ன? விடையைப் பார்க்குமுன் நீங்களே முடிவெடுங்கள்.

கை 1: ஸ்பேட் ராஜா, 8, 3, ஹார்ட் ராணி, 7, 2, டைமண்ட் ராணி, 6, 4, கிளாவர் ராணி, 9, 5, 2.

கை 2: ஸ்பேட் 6, 2, ஹார்ட் 10, 5, 3, டைமண்ட் ஏஸ், ராணி, 10, 9, 7, கிளாவர் ராணி, 9, 4.

கை 3: ஸ்பேட் ராஜா, ஜாக்கி, 8, 4, ஹார்ட் ஏஸ், 6, டைமண்ட் 8, 7, 5, 3, கிளாவர் ராஜா, 9, 2.

விடை:

கை 1இல் 9 புள்ளி, ஆனால் 4-3-3-3. ஏஸும் இல்லை, 10உம் இல்லை. 2 நோ-டிரம்ப் போதும். அதற்கு மேல் போகாதீர்கள்.

கை 2இல் 8 புள்ளிதான். ஆனால் ஐந்து டைமண்ட், அதில் ஏஸும் ராணியும், பின்னால் 10உம் 9உம். கூட்டாளியிடம் டைமண்ட் ராஜா இருந்தால் பெரும்பாலும் ஐந்து பிடி தயார். இல்லாவிட்டாலும் ராஜாவைக் கொடுத்தோ பிடித்தோ நாலு வரும். நேரடியாக 3 நோ-டிரம்ப். கை 1ஐவிட ஒரு புள்ளி குறைவு, ஆனால் மேலான கை.

கை 3இல் 11 புள்ளி. கேம் உறுதி, எது என்பதுதான் கேள்வி. 2 கிளாவர் கேளுங்கள். கூட்டாளி 2 ஸ்பேட் சொன்னால் 4 ஸ்பேட். வேறு எது சொன்னாலும் 3 நோ-டிரம்ப்.

அடுத்த முறை நாலு பேர் கூடும்போது ஓமிக்கோ 304க்கோ பதிலாக 52 சீட்டையும் போடுங்கள். நாலு கையையும் திறந்து வைத்து, 3 நோ-டிரம்ப் என்று வைத்து, எத்தனை பிடி, அதற்குள் எத்தனை முறை எதிரணிக்குக் கொடுக்கவேண்டும் என்று சத்தமாக எண்ணுங்கள். இருபது கை எண்ணிப் பாருங்கள். அதன்பின் 27 புள்ளிக் கையில் நிற்கவும், 22 புள்ளிக் கையில் துணிந்து கேட்கவும் உங்களுக்குக் கை வரும்.